புது ஈ.ஆர்.பி. வரப் போகிறது: பழைய நோட்டை எந்தத் தேதியில் மூடுவது?

கல்மண்டபம் · திங்கள், இரவு 9:10

வணக்கம். ராயபுரத்துக்கும் எண்ணூருக்கும் நடுவில் ஒரு கலை அறிவியல் கல்லூரி. சென்னைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்தது, தன்னாட்சி பெற்றது. காலையில் உதவிபெறும் பிரிவு, மதியத்துக்கு மேல் சுயநிதிப் பிரிவு. நான் காமர்ஸ் ஆசிரியர்.

நிர்வாகம் ஈ.ஆர்.பி. (கல்லூரி வேலை முழுவதையும் ஒரே இடத்தில் நடத்தும் மென்பொருள்) வாங்க முடிவெடுத்துவிட்டது. சேர்க்கை, கட்டணம், வருகைப் பதிவு, இன்டர்னல் மார்க், தேர்வு, நூலகம், பெற்றோருக்கு ஒரு ஆப், விடுதி நிர்வாகம் (எங்களுக்கு விடுதியே கிடையாது) எல்லாம் ஒரே மூட்டையில் வருகிறதாம். மூன்று கம்பெனிகள் வந்து டெமோ காட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். மூன்றுமே பளபளவென்று இருந்தன, அதனாலேயே எனக்குப் பயம். ஜூன் சேர்க்கையோடு தொடங்கிவிட வேண்டும் என்கிறார்கள். திட்டக் குழுவுக்கு என்னை ஒருங்கிணைப்பாளராகப் போட்டிருக்கிறார்கள். கம்ப்யூட்டர் சயன்ஸ் துறை "நாக் (தர மதிப்பீட்டு) வேலை தலைக்கு மேல் இருக்கிறது" என்று சொல்லி நழுவிக்கொண்டது.

இப்போதைய நிலையைச் சொல்லிவிடுகிறேன். வருகையை ஏற்கெனவே ஒரு ஆப்பில் போடுகிறோம். அதையே அட்டெண்டன்ஸ் நோட்டிலும் எழுதுகிறோம். மாதக் கடைசியில் துறைத்தலைவர் கேட்கிறார் என்று எக்செல்லிலும் அடிக்கிறோம். ஒரே மாணவிக்கு மூன்று இடத்திலும் மூன்று சதவீதம். 75-க்குக் கீழே போனால் கண்டோனேஷன் (வருகைக் குறைவுக்கான விலக்குக் கட்டணம்) கட்ட வேண்டுமே, எந்த சதவீதத்தை வைத்துக் கட்டச் சொல்வது? இந்த லட்சணத்தில் நான்காவதாக ஒன்று வருகிறது. வாங்குவதற்கு முன்னால் என்ன கேட்க வேண்டும், யாரைக் கேட்க வேண்டும்? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.


பீச் ஸ்டேஷன் · திங்கள், இரவு 9:31

சார், நான் மாணவன், கடைசி வருடம். தயவுசெய்து இன்னொரு ஆப் வேண்டாம். என் போனில் இடமே இல்லை. ஆப்பைப் போட்டு ஹால் டிக்கெட் எடுத்துவிட்டு அன்றைக்கே அழித்துவிடுவேன், என் நண்பர்களும் அப்படித்தான். அடுத்த செமஸ்டரில் மறுபடி போட்டால் பாஸ்வேர்டு மறந்திருக்கும். ஓ.டி.பி. பழைய சிம்முக்குப் போகும். ரீசார்ஜ் செய்யாமல் விட்டு அந்த நம்பர் இப்போது யாரிடம் இருக்கிறதோ. போன் பிரவுசரில் ஒழுங்காகத் திறக்கிற ஒரு பக்கம் போதும் சார்.


மூன்றாம் மாடி சர்வர் · திங்கள், இரவு 10:02

தம்பி சொல்வதை டெண்டரிலேயே எழுதிவிடுங்கள் சார். "ஆப் இல்லாமலும் எல்லா வேலையும் நடக்க வேண்டும்." ஒரு வரிதான், ஆனால் அதைக் கேட்டாலே பாதிக் கம்பெனிகளின் முகம் மாறும்.

நான் வேறொரு கல்லூரியில் சிஸ்டம் அட்மின். இந்தப் பக்கம்தான். உங்கள் கேள்விக்கு என் பதில் இது. வாங்கப்போகும் ஒவ்வொரு சேவைக்கும் எதிரே மூன்று விஷயம் எழுதுங்கள்: இது வந்தால் எது நிற்கும், எந்தத் தேதியில் நிற்கும், நிறுத்து என்று யார் கையெழுத்துப் போடுவார். இதை எழுத முடியாத சேவையை வாங்க வேண்டாம். எங்கள் கல்லூரியில் பணம் கரைவது மென்பொருளில் இல்லை. பழசும் புதுசும் சேர்ந்து ஓடுகிற காலத்தில்தான் கரைகிறது. ஒரே வேலையை ஆசிரியர் இரண்டு தடவை செய்கிறார், கிளார்க் மூன்று தடவை செய்கிறார். ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் புதுசில் பாதி காலியாகக் கிடக்கும். ஏனென்றால் பழசை யாரும் பிடுங்கவில்லை, புதுசில் போடாவிட்டாலும் யாரும் கேட்கப் போவதில்லை.

உங்களிடம் ஏற்கெனவே மூன்று ஓடுகின்றன. நான்காவதை வாங்கும் முன் அந்த மூன்றில் இரண்டை நிறுத்த முடிகிறதா பாருங்கள். முடிந்தால் உங்கள் நிர்வாகம் ஈ.ஆர்.பி.-க்குத் தயார். முடியாவிட்டால் எந்தக் கம்பெனி வந்தாலும் இதே கதைதான்.


பழைய ஹெச்.ஓ.டி. · திங்கள், இரவு 10:40

ஓய்வுபெற்ற தமிழ்த்துறைக்காரன் பேசுகிறேன். தம்பி சர்வர், நோட்டை நிறுத்து என்று சுலபமாகச் சொல்லிவிட்டீர்கள். ஒரு பையனுக்குத் தேர்வெழுத அனுமதி மறுத்து, அது வழக்கு வரைக்கும் போனது. அப்போது கைகொடுத்தது அட்டெண்டன்ஸ் நோட்டுதான். நீல மையில் எழுதியது, சிவப்பு மையில் திருத்தியது, பக்கத்திலேயே என் சுருக்கொப்பம், தேதி. யார் எப்போது திருத்தினார் என்பது கண்ணுக்கு நேரே இருந்தது. ஆப்பில் ஒருவர் ஆப்சென்ட்டை பிரசன்ட்டாக மாற்றினால் அடையாளம் எங்கே இருக்கும்?


மூன்றாம் மாடி சர்வர் · திங்கள், இரவு 10:58

ஐயா, நல்ல கேள்வி. நல்ல மென்பொருளில் அது கட்டாயம் இருக்கும். எந்த லாகினில் இருந்து, எந்த நேரத்தில், முன்பு என்ன இருந்தது, இப்போது என்ன என்று ஒவ்வொரு திருத்தமும் பதிவாகும். சிக்கல் என்னவென்றால் அந்தப் பதிவை கம்பெனிக்காரர்கள் மட்டும் பார்க்கும்படி வைத்திருப்பார்கள். நாம் கேட்டால் "டிக்கெட் போடுங்கள்" என்பார்கள். சி.ஓ.இ. (தேர்வுக் கட்டுப்பாட்டாளர்) தன் அறையிலேயே திறந்து பார்த்து அச்செடுக்க முடிய வேண்டும் என்று கேட்டு வாங்க வேண்டும். டெமோவில் முதலில் இதைக் காட்டச் சொல்லுங்கள். அவர்கள் அட்டெண்டன்ஸ் போடுவதைக் காட்டுவார்கள். "போட்டதைத் திருத்துங்கள், பிறகு திருத்தியது யார் என்று எங்கள் கிளார்க் லாகினில் காட்டுங்கள்" என்று கேளுங்கள்.

இன்னொன்று, ஐயா. உங்கள் நோட்டுக்கு இருந்த மரியாதை சுருக்கொப்பத்தால் வந்தது. ஹெச்.ஓ.டி.-யின் பாஸ்வேர்டை நான்கு பேருக்குச் சொல்லி வைத்திருக்கிற துறையில் எந்த லாக் இருந்தும் பிரயோஜனமில்லை.


பழைய ஹெச்.ஓ.டி. · திங்கள், இரவு 11:05

அது சரி. என் பாஸ்வேர்டு என்னைத் தவிர எல்லோருக்கும் தெரியும்.


கவுண்டர் 2 · செவ்வாய், காலை 7:20

நான் கட்டணக் கவுண்டரில் இருக்கிறேன். கல்மண்டபம் சார் கல்லூரி இல்லை, வேறு. எங்கள் இடத்தில் போன வருடம் கட்டணம் முழுக்க ஆன்லைனுக்கு மாறியது. அதில் நடந்ததைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், இதை யாரும் திட்டக் குழுவில் பேசுவதில்லை.

எங்கள் பிள்ளைகளில் காசிமேடு, திருவொற்றியூர் குப்பத்துப் பிள்ளைகள் நிறைய. விசைப்படகுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். கையில் காசு இல்லாத அந்த இரண்டு மாதம் முடிகிற இடத்தில்தான் கல்லூரிக் கட்டணம் தொடங்குகிறது. படகு ஜூன் 15 கடலுக்குப் போனாலும் பங்குப் பணம் கைக்கு வர ஜூலை ஆகிவிடும். கவுண்டரில் பணம் வாங்கிய காலத்தில் அம்மாக்கள் பாதியைக் கொண்டுவருவார்கள். ரெஜிஸ்டரில் ஓரமாகப் பென்சிலால் பாக்கித் தொகையும் ஒரு தேதியும் எழுதுவேன். சூப்பிரண்டு சார் பக்கத்தில் ஒரு டிக் போடுவார். முடிந்தது. இந்தப் பென்சில் ஏற்பாடு எந்தச் சுற்றறிக்கையிலும் இல்லை. அதனால் கம்பெனிக்காரர்கள் வந்து "இப்போது எப்படி வேலை நடக்கிறது" என்று கேட்டபோது யாரும் சொல்லவில்லை. சொன்னால் மெமோ வருமோ என்ற பயமும் உண்டு.

போர்ட்டல் வந்தது. முழுத் தொகை, அல்லது ஒன்றுமில்லை. கடைசித் தேதி தாண்டினால் தினசரி அபராதம் தானாக ஏறும். கொஞ்ச நாளில் லிங்க் மூடிக்கொள்ளும். மூடினால் அந்தப் பெண்ணின் பெயர் நாமினல் ரோலில் (மாணவர் பெயர்ப் பட்டியலில்) வராது. திறக்கப் பிரின்சிபல் லாகின் வேண்டும். பிரின்சிபல் அப்போது வெளியூரில்.

வீட்டில் யாரிடமும் கார்டு இல்லை என்று தெருமுனை பிரவுசிங் சென்டரில் கட்டினார்கள். கடைக்காரர் தன் அக்கவுன்ட்டில் இருந்து கட்டி, மேலே சேவைக் கட்டணமும் வாங்கிக்கொண்டார். ஒரு பெண்ணுக்கு இரண்டு தடவை பணம் போய்விட்டது. ரீஃபண்டு எந்த அக்கவுன்ட்டில் இருந்து வந்ததோ அங்கேதான் திரும்பும். அதாவது கடைக்காரருக்கு. அவர் நல்லவர், கொடுத்துவிட்டார். எல்லோரும் அப்படியா?

அதனால் சார், மென்பொருளுக்குத் தேவைப் பட்டியல் எழுதும்போது அதிகாரிகளை மட்டும் கேட்காதீர்கள். கவுண்டரில் வந்து ஒரு நாள் உட்காருங்கள். ரெஜிஸ்டர்களின் ஓரத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள்.


கல்மண்டபம் · செவ்வாய், காலை 8:05

அம்மா, மிக்க நன்றி. தவணை என்ற பேச்சே எங்கள் தேவைப் பட்டியலில் இல்லை. இன்றைக்கே சேர்க்கிறேன். எங்கள் கவுண்டரிலும் பென்சில் இருக்கிறது, பார்த்திருக்கிறேன்.


விம்கோ நகர் · செவ்வாய், காலை 9:15

எதற்கு இவ்வளவு? வாட்ஸ்அப் குரூப்பும் கூகுள் ஷீட்டும் போதும். காசும் மிச்சம்.


மூன்றாம் மாடி சர்வர் · செவ்வாய், காலை 9:40

விம்கோ, இலவசம் எப்போது வரை இலவசம் என்பது நம் கையில் இல்லை. கல்வி நிறுவனங்களுக்கு வரம்பில்லாத சேமிப்பிடம் என்று கூகுள் கொடுத்தது. 2021-இல் அறிவித்து, 2022 ஜூலையில் இருந்து ஒரு நிறுவனம் முழுவதற்கும் சேர்த்து 100 டெராபைட் என்று நிறுத்திவிட்டது. கொரோனா காலத்து வகுப்புப் பதிவுகளை எல்லாம் அதில் கொட்டி வைத்திருந்தவர்கள் எதை அழிப்பது என்று தெரியாமல் முழித்தார்கள். நூறு டெராபைட் சின்னதில்லைதான். ஆனால் நாளைக்கு அவர்கள் மாற்றினால் நாமும் மாற வேண்டியதுதான்.

வாட்ஸ்அப்பில் மார்க் பட்டியல் போடுகிறீர்கள் அல்லவா, அந்த ஆசிரியர் போனை மாற்றினால் அந்தப் பட்டியல் எங்கே?


விம்கோ நகர் · செவ்வாய், காலை 9:52

சரி, வகுப்பு அறிவிப்புக்காவது வாட்ஸ்அப் இருக்கட்டும். அதை மட்டும் விட மாட்டேன்.


தேர்வுப்பிரிவு அக்கா · செவ்வாய், மதியம் 1:30

சாப்பாட்டு நேரத்தில் எழுதுகிறேன், நீளமாக இருந்தால் மன்னிக்கவும். யாரும் பெயரைப் பற்றிப் பேசவில்லை. எங்களுக்கு ஈ.ஆர்.பி. உடைந்தது அங்கேதான்.

வடநாட்டு மென்பொருள். மாணவர் பெயருக்கு மூன்று கட்டங்கள்: முதல் பெயர், நடுப்பெயர், கடைசிப் பெயர். மூன்றாவது கட்டாயம், காலியாக விட்டால் சேமிக்காது. நம் பிள்ளை "எம். கவிதா". நாங்கள் கொடுத்த எக்செல்லை அவர்கள் புள்ளியைப் பார்த்து வெட்டி ஏற்றினார்கள். முதல் பெயர் எம், கடைசிப் பெயர் கவிதா. தந்தை பெயர் முருகேசன் என்று இருந்தவர்களுக்கு அதைக் கடைசிப் பெயராகப் போட்டார்கள். ஒரே வகுப்பில் "எம் கவிதா", "கவிதா எம்", "கவிதா முருகேசன்" என்று மூன்று வகை. மார்க்ஷீட் சோதனை அச்சில் ஒரு பிள்ளைக்கு "எம் கவிதா எம்" என்றே வந்தது.

இது வெறும் அழகுப் பிரச்சினை இல்லை. மதிப்பெண் சான்றிதழில் பெயர் பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ சான்றிதழில் உள்ளபடியே இருக்க வேண்டும். மாணவர் பெறும் கிரெடிட்களைச் சேர்த்துவைக்கும் கிரெடிட் வங்கிக் கணக்கை டிஜிலாக்கர் வழியாகத் தொடங்குகிறார்கள், அங்கே ஆதாரில் உள்ள பெயர் வந்து நிற்கும். ஆதாரில் தந்தை பெயர் முழுசாக, பிளஸ் டூவில் இனிஷியல் மட்டும். இரண்டும் பொருந்தாது. மாநில அரசின் யு.எம்.ஐ.எஸ். (மாணவர் தகவல் தளம்) எண்ணிலும் ஒழுங்காக இருக்க வேண்டும். அதில் கோளாறு என்றால் புதுமைப்பெண், தமிழ்ப்புதல்வன் திட்டங்களில் மாதா மாதம் வரும் ஆயிரம் ரூபாய் தடைப்படும். அம்மா கவுண்டருக்கு வந்து அழுவார். அவருக்கு நான் டேட்டாபேஸ் பற்றி என்ன விளக்க முடியும்?

நாங்கள் கடைசியில் கேட்டு வாங்கியது: சான்றிதழில் உள்ளபடி பெயர் ஒரே கட்டத்தில், இனிஷியல் தனி, ஆதாரில் உள்ளபடி பெயர் தனி, தமிழில் பெயர் தனி. நான்கும் வேறு வேறாக இருக்கலாம், எதையும் எதிலிருந்தும் தானாக நிரப்பக் கூடாது. இதை டெண்டரில் எழுதியிருந்தால் காசில்லாமல் கிடைத்திருக்கும். பின்னால் கேட்டதால் "கஸ்டமைசேஷன்" என்று தனி பில்.

தமிழ்ப் பெயர்களுக்கு இன்னொரு தொல்லை. எங்கள் பழைய பட்டியல்கள் பாமினி எழுத்துருவில் அடித்தவை. தமிழக அரசு யுனிகோடை ஏற்று ஆணையிட்டது 2010-இல். ஆனால் ஆபீஸ் கம்ப்யூட்டரில் பாமினி போன பாடில்லை. அப்படியே ஏற்றினால் திரையில் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக ஏதோ வரும். முதலில் மாற்றி, மாற்றியதை வரிசையாக ஒருவர் வாசிக்க ஒருவர் சரிபார்க்க வேண்டும். இந்த வேலைக்கு ஆளும் நாளும் ஒதுக்காமல் யாரும் "ஜூனில் தொடங்குவோம்" என்று சொல்லக் கூடாது.


அலமாரி 12 · செவ்வாய், மாலை 4:10

அக்கா சொன்னது நூலகத்துக்கும் பொருந்தும். நூலாசிரியர் பெயரில் இனிஷியல் முன்னாலா பின்னாலா என்று நாங்கள் பல வருடமாக மல்லுக்கட்டுகிறோம்.

கல்மண்டபம் சார், ஈ.ஆர்.பி. மூட்டையில் நூலகம் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அதில் வருவது பெரும்பாலும் புத்தகம் எடுத்தது, கொடுத்தது என்ற பட்டியல் மட்டும்தான். கோஹா என்ற நூலக மென்பொருள் இருக்கிறது. நியூசிலாந்தில் ஒரு பொது நூலகத்துக்காக எழுதித் திறந்த மூலமாக வெளியிட்டது, 2000-இல் இருந்து ஓடுகிறது. காசு கிடையாது, தமிழ் நன்றாக வேலை செய்கிறது. வெளியேற வேண்டுமென்றால் நம் பதிவுகளை மார்க் (MARC) என்ற நூலகப் பதிவு வடிவத்தில் அப்படியே எடுத்துக்கொண்டு போகலாம். மின்னிதழ்களுக்கு இன்ஃபிலிப்நெட்டின் என்-லிஸ்ட் வாங்கியிருப்பீர்கள், பாதி ஆசிரியர்களுக்கு லாகின் இருப்பதே தெரிந்திருக்காது. புதுசு வாங்கும் முன் அதை ஒரு தடவை கணக்கெடுங்கள். காசு கட்டிவிட்டுத் தொடாமல் வைத்திருக்கும் சேவைகளின் பட்டியல் எங்கள் கல்லூரியில் ஒரு பக்கத்துக்கு வந்தது.

நோட்டை மூடுவது பற்றி: நாங்கள் கோஹாவுக்கு மாறினாலும் அக்செஷன் ரெஜிஸ்டரை (நூலகத்துக்கு வரும் புத்தகங்களை வரிசை எண்ணோடு பதியும் ஏட்டை) நிறுத்தவில்லை. தணிக்கைக்கு வருபவர்கள் அதைத்தான் கேட்கிறார்கள். ஆகவே எதை நிறுத்தலாம் என்பது கல்லூரிக்குள் மட்டும் முடிவாகிற விஷயமில்லை. தணிக்கைக்கு எந்தப் பதிவேடு காகிதத்தில் இருந்தாக வேண்டும் என்று முன்கூட்டியே எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். வாயால் "பிரிண்ட் அவுட் போதும் சார்" என்று சொன்னவர் அடுத்த வருடம் மாற்றலாகிப் போயிருப்பார்.


டெமோக்காரன் · செவ்வாய், இரவு 8:45

எல்லோரும் கம்பெனிக்காரனைத் திட்டி முடித்துவிட்டீர்களா? நான் அந்தப் பக்கம். பெயர் வேண்டாம்.

டெமோவில் இருப்பது எங்கள் டேட்டா. அதில் எல்லோருக்கும் போன் நம்பர் சரியாக இருக்கும், யாருக்கும் அரியர் இருக்காது. நீங்கள் உங்கள் டேட்டாவை, அதிலும் மோசமான வகுப்பின் டேட்டாவை, முன்னாலேயே கொடுத்து அதில் டெமோ கேட்க வேண்டும். பாதிக் கல்லூரிகள் கேட்பதில்லை. கேட்டால் எங்களுக்கும் நல்லது, பின்னால் சண்டை வராது.

எங்கள் குறையையும் கேளுங்கள். முடிவு சொல்ல ஒரே ஆள் இருக்க மாட்டார். காலைப் பிரிவு ஒரு மாதிரி இன்டர்னல் கணக்கு, மாலைப் பிரிவு வேறு மாதிரி. இரண்டில் எது சரி என்று கேட்டால் "இரண்டும் வரட்டும்" என்பார்கள். எல்லாம் ஏற்றிச் சரிபார்த்துக் கையெழுத்து வாங்கிய பிறகு புதுத் துறைத்தலைவர் வருவார், முதலில் இருந்து தொடங்கும். எல்1, அதாவது குறைந்த விலை சொன்னவருக்கே, என்று விலையை அடிமட்டத்துக்கு இறக்கி வாங்குகிறீர்கள். அந்த விலையில் உங்கள் கல்லூரியில் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்க ஆள் போட முடியாது. அதனால் வீடியோ அனுப்புவோம், யாரும் பார்க்க மாட்டீர்கள். முதல் வருட விலையைப் பார்க்காதீர்கள் சார், ஐந்து வருட விலையை எழுதித் தரச் சொல்லுங்கள். இரண்டாம் வருடம் ஏ.எம்.சி. (ஆண்டுப் பராமரிப்புக் கட்டணம்) எவ்வளவு, மாணவர் எண்ணிக்கை கூடினால் எவ்வளவு, எஸ்.எம்.எஸ். தனியா.


கல்மண்டபம் · செவ்வாய், இரவு 9:20

எஸ்.எம்.எஸ்.-ஐ ஏன் தனியாகச் சொல்கிறீர்கள்? அது சில்லறைக் காசுதானே?


டெமோக்காரன் · செவ்வாய், இரவு 9:44

ஆங்கிலத்தில் அனுப்பினால் ஒரு எஸ்.எம்.எஸ்.-க்கு 160 எழுத்து. தமிழில் அனுப்பினால் யுனிகோடு என்பதால் 70 மட்டும். அதுவும் நாம் எண்ணுகிற எழுத்தில்லை. "கல்லூரிக்கு" கண்ணுக்கு 6 எழுத்து. மெய்ப்புள்ளியும் கொம்பும் தனித்தனியாக எண்ணப்படுவதால் எஸ்.எம்.எஸ்.-க்கு அது 11. "தங்கள் மகள் இன்று கல்லூரிக்கு வரவில்லை" என்பதற்கே 38 போய்விடும். பெயர், தேதி, கல்லூரிப் பெயர் சேர்த்தால் இரண்டாவது எஸ்.எம்.எஸ். தொடங்கிவிடும், சில சமயம் மூன்றாவது. தினமும் ஆப்சென்ட் செய்தி போகிற கல்லூரிக்கு இது சில்லறை இல்லை. கொட்டேஷனில் பலர் ஆங்கிலக் கணக்கைப் போட்டுவிட்டு, அப்புறம் தமிழில் கேட்கும்போது பில்லைக் கூட்டுவார்கள். நான் செய்ததில்லை என்று சொன்னால் நம்பவா போகிறீர்கள்.

இன்னொன்று, ட்ராய் (தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம்) விதிப்படி ஒவ்வொரு செய்தியின் வார்ப்பையும் (மாதிரி வாசகத்தையும்) டி.எல்.டி. தளத்தில் முன்பே பதிய வேண்டும். பதிந்த வாசகத்தில் ஒரு சொல்லை மாற்றினாலும் செய்தி போகாது. மழை விடுமுறை அன்று காலையில் புது வாசகம் எழுதி அனுப்ப முடியாது. அதற்கும் ஒரு வார்ப்பை இப்போதே பதிந்து வையுங்கள்.


விம்கோ நகர் · செவ்வாய், இரவு 9:50

அதனால்தான் வாட்ஸ்அப் என்றேன்.


மூன்றாம் மாடி சர்வர் · செவ்வாய், இரவு 10:30

மழை என்றதும் நினைவுக்கு வருகிறது. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் எங்கள் தரைத்தள சர்வர் அறைக்குள் தண்ணீர். யு.பி.எஸ். பேட்டரி கீழ்த் தட்டில் இருந்தது, அதுதான் முதலில் போனது. இப்போது என் பெயரில் இருக்கிற மூன்றாம் மாடி அதற்குப் பிறகு வந்தது. கொருக்குப்பேட்டை, வியாசர்பாடி, தண்டையார்பேட்டைப் பக்கம் தரைத்தளத்தில் எந்த மின்சாதனமும் வைக்காதீர்கள். கொட்டேஷனில் "கிளவுட்" என்று இருந்தாலும் கல்லூரி வாசலில் வருவது ஒரே ஃபைபர்தான். வடிகாலுக்குப் பள்ளம் தோண்டும் ஜே.சி.பி. அதை வாரக்கணக்கில் அறுத்துப் போட்டிருக்கிறது. இணைப்பு இல்லாத நாளில் வருகைப் பதிவு என்ன ஆகும், போனில் சேமித்து வைத்துப் பிறகு ஏற்றுமா என்று கேளுங்கள். வெளியே மாட்டும் வைஃபை பெட்டிகளுக்கும் தனிப் பட்ஜெட் போடுங்கள். கடல் காற்றில் கனெக்டரில் பச்சை பூத்துவிடும்.

முக்கியமானது ஒன்று விட்டுப்போனது. அடையாளம். எந்தச் சேவை வாங்கும் முன்பும் "இந்தக் கல்லூரியில் இன்றைக்கு யார் யார் இருக்கிறார்கள்" என்ற ஒரே பட்டியல் வேண்டும். ஒரு ஆளுக்கு ஒரு லாகின். நூலகம், மூடுல் (இணைய வகுப்புத் தளம்), வைஃபை, ஈ.ஆர்.பி. எல்லாம் அந்த லாகினையே கேட்க வேண்டும். புதுச் சேவை எதுவானாலும் "சாமல் அல்லது ஓப்பன் ஐ.டி. கனெக்ட் வழியாக எங்கள் லாகினை ஏற்குமா" என்பதுதான் என் முதல் கேள்வி. இல்லை என்றால் பீச் ஸ்டேஷன் தம்பிக்கு ஆறாவது பாஸ்வேர்டு. படித்து முடித்தவன் லாகின் எப்போது மூடும், விலகிய ஆசிரியருடையது எப்போது மூடும் என்றும் எழுதி வையுங்கள். எங்கள் இடத்தில் ஓய்வுபெற்றவர் லாகினில் இன்டர்னல் மார்க் ஏறியிருந்தது.


பழைய ஹெச்.ஓ.டி. · செவ்வாய், இரவு 10:41

அது நானில்லை.


அலமாரி 12 · புதன், காலை 10:00

ஒப்பந்தத்தில் டேட்டா பற்றி என்ன எழுதப் போகிறீர்கள்? 2023-இல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் 18 வயதுக்குக் கீழே இருந்தால் குழந்தை. முதலாமாண்டு சேர்பவர்களில் பலருக்கு 17 வயதுதான். சாதிச் சான்றிதழ், ஆதார், வங்கிக் கணக்கு, அம்மாவின் போன் நம்பர் எல்லாம் வெளிக் கம்பெனி கைக்குப் போகிறது. ஒப்பந்தம் முடிந்தால் முழு டேட்டாவையும் திறக்கக்கூடிய வடிவத்தில், பிடிஎஃப் ஆக இல்லாமல், திருப்பித் தர வேண்டும். அவர்கள் பக்கம் அழித்ததற்குச் சான்று தர வேண்டும். கடைசித் தவணைப் பணத்தை அதற்குப் பிறகு கொடுங்கள்.

அப்புறம், கல்வி அமைச்சகத்தின் சமர்த் என்ற ஈ.ஆர்.பி. இருக்கிறது. டெல்லிப் பல்கலைக்கழகத்தில் உருவானது, மத்தியப் பல்கலைக்கழகங்கள் பல பயன்படுத்துகின்றன. உங்களுக்குக் கிடைக்குமா என்று எழுதிக் கேளுங்கள். கிடைத்தாலும் உள்ளூரில் கற்றுக்கொண்டு நடத்த ஆள் வேண்டும், அது வேறு கதை.


பீச் ஸ்டேஷன் · புதன், காலை 10:25

முதலில் எந்தத் துறையில் சோதித்துப் பார்ப்பீர்கள் சார்? கம்ப்யூட்டர் சயன்ஸா?


மூன்றாம் மாடி சர்வர் · புதன், காலை 10:50

அங்கே மட்டும் வேண்டாம். எதைக் கொடுத்தாலும் அவர்கள் ஓட்டிவிடுவார்கள், ஒன்றும் தெரியவராது. மாலைப் பிரிவு காமர்ஸ் மாதிரிப் பெரிய வகுப்பு, இல்லையென்றால் தமிழ்த்துறை. ஒரு முழுச் செமஸ்டர் ஓட்டி, நவம்பர் தேர்வு முடிந்து ரிசல்ட் வரும் வரை பார்க்க வேண்டும். முழு மூட்டையைச் சேர்க்கை மாதத்தில் தொடங்கவே கூடாது. ஆபீசில் மூச்சுவிட நேரமிருக்காது.


கல்மண்டபம் · வெள்ளி, இரவு 8:30

இன்று குழுக் கூட்டம் முடிந்தது. இழையை அச்செடுத்துக் கொண்டுபோனேன் (பெயர்களை அடித்துவிட்டு). செயலருக்கு முதலில் கோபம்தான், "வேண்டாம் என்று சொல்லத்தான் குழு போட்டோமா" என்றார். கவுண்டர் 2 அம்மா எழுதியதை வாசித்ததும் எங்கள் சூப்பிரண்டு வாய் திறந்து, எங்களிடமும் பென்சில் பாக்கி எவ்வளவு என்று ஒரு தொகை சொன்னார். அதன் பிறகு கூட்டத்தின் போக்கே மாறியது.

முழு மூட்டை இப்போதைக்கு இல்லை. வருகைப் பதிவும் இன்டர்னல் மார்க்கும் மட்டும், மாலைப் பிரிவு காமர்ஸில், ஒரு செமஸ்டர். எக்செல் பட்டியல் ஜூன் முதல் நிற்கிறது, பிரின்சிபல் கையெழுத்தோடு சுற்றறிக்கை வருகிறது. பழைய ஆப்பும் அன்றே நிற்கிறது, அதன் புதுப்பிப்புக் கட்டணத்தைக் கட்டப் போவதில்லை. நோட்டு மட்டும் ரிசல்ட் வரும் வரை இருக்கும், அதற்குள் தணிக்கைக்கு எழுதிப் பதில் வாங்க வேண்டும். நூலகம் தனியாகவே போகிறது. தவணைக் கட்டணம் டெண்டரில் சேர்ந்துவிட்டது, பெயருக்கு நான்கு கட்டமும் சேர்ந்துவிட்டது. டெமோவுக்கு எங்கள் இரண்டாமாண்டு பட்டியலையே பெயர்களையும் எண்களையும் மாற்றிக் கொடுக்கிறோம். அரியர், இரட்டை இனிஷியல், காலி போன் நம்பர் எல்லாம் அதில் அப்படியே இருக்கும்.

ஒன்றுதான் முடிவாகவில்லை. பழைய பாடத்திட்டத்து அரியர் மாணவர்கள். அவர்கள் மார்க் எல்லாம் ஃபாக்ஸ்ப்ரோவில் எழுதிய பழைய தேர்வு மென்பொருளில் இருக்கிறது. அதை எழுதியவர் இப்போது எங்கே என்று யாருக்கும் தெரியாது.


தேர்வுப்பிரிவு அக்கா · வெள்ளி, இரவு 9:15

அதைப் புதுசுக்குள் திணிக்காதீர்கள் சார். பழைய பாடத்திட்டத்தின் பாஸ் மினிமம், கிரெடிட் கணக்கு எல்லாம் வேறு. ஏற்றிவிட்டு ஒவ்வொரு பிள்ளையாகத் திருத்திக்கொண்டிருக்க வேண்டிவரும். கடைசி வாய்ப்புத் தேதி முடியும் வரை பழைய மென்பொருளிலேயே இருக்கட்டும், அந்தத் தேதியை மட்டும் கல்லூரியின் கல்விப் பேரவையில் வைத்து எழுதி வாங்கிவிடுங்கள். ஃபாக்ஸ்ப்ரோவுக்கு மைக்ரோசாஃப்ட் ஆதரவு 2015-லேயே முடிந்துவிட்டது. அதனால் அந்தக் கம்ப்யூட்டரை நெட்டில் இணைக்காதீர்கள். அதேபோல் இன்னொரு கம்ப்யூட்டரைத் தயார் செய்து, அதில் திறக்கிறதா என்று அச்செடுத்துப் பாருங்கள். ஃபாக்ஸ்ப்ரோவின் டி.பி.எஃப். கோப்புகளை எக்செல் வடிவிலும் மாற்றி சி.ஓ.இ. பீரோவில் ஒரு பிரதி வையுங்கள்.

டாட் மேட்ரிக்ஸ் பிரின்டருக்கு ரிப்பன் கிடைக்கும்போதே நான்கைந்து வாங்கிப் போடுங்கள். ரிச்சி தெருவில் கேட்டுப் பாருங்கள். எங்களுக்குப் போன மாதம் அங்கேதான் கிடைத்தது.